மாசுபட்டதாகச் சந்தேகிக்கப்படும் நிலத்தை சூப்பர்ஃபண்டில் முதலில் எப்படி வடிகட்டுகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பழைய ஆலை நிலத்தில் நச்சுக் கழிவு புதைந்திருக்கிறது என்று புகார் போனால், அத்தகைய நிலங்களைத் தூய்மைப்படுத்தும் கூட்டாட்சி அரசின் சூப்பர்ஃபண்ட் திட்டத்தில் முதலில் என்ன நடக்கும்? மண்ணைக்கூட எடுத்துப் பார்க்காமல், காகிதத்தை மட்டும் புரட்டிவிட்டுப் பல நிலங்களுக்கு "மேல் நடவடிக்கை இல்லை" என்று எழுதிவிடுகிறார்களாமே, அது எப்படிச் சரியாகும்?

பதில்:

ஆமாம், மண்ணில் கை வைக்காமலேதான் ஏராளமான நிலங்களின் தலையெழுத்து முதலில் எழுதப்படுகிறது. கேட்டதும் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டத்தில் அதிகாரி தேடும் விடை வேறு. "இந்த நிலம் சுத்தமா, அசுத்தமா?" என்று அவர் கேட்கவில்லை. "கூட்டாட்சி அரசின் திட்டத்துக்குள் இதைக் கொண்டுவரக் காரணம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு அவசரம்?" என்று கேட்கிறார். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், கோப்பை மூடினால் "அப்போ சுத்தம்" என்று நிலம் வாங்குபவரும், "அப்போ ஊழல்" என்று அக்கம்பக்கத்தாரும் முடிவுகட்டுகிறார்கள். இரண்டுமே அந்தக் கோப்பில் எழுதியிராத சேதி.

அளவைப் பாருங்கள். 1980-இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்ததிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இந்த வாசலுக்கு வந்திருக்கின்றன. தேசிய முன்னுரிமைப் பட்டியலில் இன்று இருப்பவை ஏறத்தாழ 1,300. அந்தப் பட்டியலில் ஏறினால்தான் நீண்டகாலத் தூய்மைப்படுத்தலுக்குக் கூட்டாட்சி நிதியைச் செலவிட முடியும். எல்லா இடத்திலும் துளையிட்டு, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், உண்மையிலேயே ஆட்களைக் கொல்லும் இடத்துக்கு முறை வரப் பல்லாண்டு ஆகும். அதனால்தான் வடிகட்டல். அது கண்ணியமாக நடக்கிறதா என்பது வேறு விஷயம், அதற்கும் வருகிறேன்.

காகிதத்தை இளக்காரமாக நினைக்க வேண்டாம். இந்தச் சட்டம் பிறக்கக் காரணமான லவ் கேனாலையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை சுமார் 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைக் கொட்டி மூடியது. 1953-இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தது. ரசாயனத் தயாரிப்புக் கழிவால் நிரப்பப்பட்ட இடம் இது, இனி எது நடந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அதற்கு மேல் பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றி வீடுகள் எழுந்தன. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் அங்கே அவசர நிலை அறிவித்தார். 1980 டிசம்பரில் அவரே சூப்பர்ஃபண்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த நிலத்தில் முதல் செங்கல் வைக்கும் முன் யாராவது பத்திரத்தைச் சந்தேகக் கண்ணோடு ஒருமுறை படித்திருந்தால் போதும். ஒரு குழி தோண்டியிருக்க வேண்டியதில்லை.

சரி, புகார் வந்தால் என்ன நடக்கும்? புகார் யாரிடமிருந்தும் வரலாம். குடிமக்கள், மாநில அரசு, பழங்குடி அரசு, நகராட்சி, சில சமயம் ஆலையின் இன்றைய சொந்தக்காரரே. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுருக்கமாக இபிஏ, அல்லது அதன் சார்பில் மாநிலத் துறை, முதலில் செய்வது ஒரு முன்பரிசீலனை. இடம் ஏற்கனவே தரவுத்தளத்தில் வேறு பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது சும்மா சடங்கு இல்லை. ஒரே ஆலை நாலு கைமாறி, நாலு பெயரில், இரண்டு முகவரியில் பதிவாகியிருப்பது சர்வசாதாரணம். அடுத்து, இது வேறொரு சட்டத்தின் பொறுப்பா என்று பார்ப்பார்கள். இன்னும் இயங்கும், அபாயக் கழிவு உரிமம் பெற்ற ஆலை என்றால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தில் நடக்கும் இடம் என்றால் பெரும்பாலும் அங்கேயே போகும். வயலில் வழக்கமான அளவில் உரம் போட்டதை இந்தச் சட்டம் "வெளியேற்றம்" என்றே கணக்கில் எடுக்காது.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பெட்ரோலியம். இந்தச் சட்டத்தின் "அபாயப் பொருள்" என்ற வரையறையிலிருந்து கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி ஒழுகிக் குடிநீரில் பென்சீன் கலந்தால், அது உயிருக்கு ஆபத்தானதுதான், ஆனாலும் சூப்பர்ஃபண்ட் வாசலில் நிற்காது. தொட்டிகளுக்கான தனித் திட்டத்துக்குப் போகும். இதை அறியாமல் புகார் எழுதி, "பெட்ரோலியம் மட்டுமே, தகுதியில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நிறைய. அதே சமயம், இந்த விலக்கை அதிகாரிகள் அவசரப்பட்டுப் போட்டுவிடுவதும் உண்டு. பயன்படுத்திய எண்ணெயில் கரைப்பானோ வேறு கழிவோ கலந்திருந்தால் விலக்கு பொருந்தாது. மிசௌரியின் டைம்ஸ் பீச் ஊரில் 1970-களில் புழுதி அடங்கச் சாலையில் தெளித்தது வெறும் கழிவு எண்ணெய் என்றுதான் நினைத்தார்கள். அதில் டையாக்சின் என்ற கடும் நச்சு இருந்தது. 1983-இல் ஊரையே அரசு விலைக்கு வாங்கிக் காலி செய்தது. ஆகவே கோப்பில் "எண்ணெய்" என்ற சொல்லைப் பார்த்தால், என்ன எண்ணெய், எங்கிருந்து வந்தது, அதற்கு முன் என்ன வேலை செய்தது என்று நூல் பிடித்துப் போகத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு.

முன்பரிசீலனையில் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும்: காத்திருக்க முடியாத ஆபத்து. வேலியில்லாத இடத்தில் துருப்பிடித்த பீப்பாய்கள், பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள், தீப்பிடிக்கும் வாடை. அப்படியென்றால் பின்னால் சொல்லப்போகும் மதிப்பெண், பட்டியல் எதற்கும் காத்திருக்காமல் அவசர அகற்றல் பிரிவுக்கு அனுப்புவார்கள். அதற்கான செலவுக்கும் காலத்துக்கும் சட்டத்திலேயே வரம்பு உண்டு, பொதுவாக 20 லட்சம் டாலர், 12 மாதம். ஆனால் பட்டியலில் இடம் தேவையில்லை.

இதைத் தாண்டினால் முதற்கட்ட மதிப்பீடு. நீங்கள் கேட்ட "காகித வேலை" முக்கியமாக இங்கேதான். நான் இத்தகைய அறிக்கையைக் கையில் எடுத்தால் முடிவுரையைப் படிப்பதில்லை, நேராகப் பின்னிணைப்புக்குப் போய்விடுவேன். எதையெல்லாம் தேடினார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

நல்ல தேடலில் முதலில் வருவது பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள். சான்போர்ன் நிறுவனம் 1867-இல் தொடங்கி, அமெரிக்க நகரங்களைத் தெருத் தெருவாக வரைந்து தள்ளியது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். காப்பீட்டாளருக்குத் தீப்பிடிக்கும் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை. ஆனால் அந்தக் கவலையின் புண்ணியத்தில், கொதிகலன் எங்கே, எண்ணெய்த் தொட்டி எங்கே, எந்த அறையில் சாயம், எந்த அறையில் முலாம் பூச்சு என்று இன்று நமக்கு வேண்டிய எல்லாமே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஆண்டின் தாளில் கட்டடத்தின் பின்புறம் சின்ன வட்டமாகத் தொட்டி. அடுத்த பதிப்பில் அந்த வட்டம் இல்லை, அதே இடத்தில் ஒரு கொட்டகை. தொட்டியைத் தோண்டி எடுத்தார்களா, மேலே கட்டிவிட்டார்களா? இந்தக் கேள்வியை எழுப்பத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு வான்படங்கள். 1930-களிலிருந்து வேளாண் துறைக்காக எடுக்கப்பட்டவை பல மாவட்டங்களுக்குக் கிடைக்கும். ஆலைக்குப் பின்னால் ஒரு கறுத்த குட்டை, பத்தாண்டு கழித்து அதே இடம் வெளிறிய மண்மேடு, இன்னும் பத்தாண்டில் வாகன நிறுத்துமிடம். யாரும் வாக்குமூலம் தராமலே ஒரு கழிவுக் குளத்தின் வரலாறு கிடைத்துவிடும். ஊர் முகவரிக் கையேடுகள், பத்திரங்கள், தீயணைப்புத் துறையின் பதிவுகள், கழிவுநீர் இணைப்பு அனுமதிகள் எல்லாம் வழக்கமாகப் பார்ப்பவைதான், விரிக்க வேண்டியதில்லை.

நேரில் போய்ப் பார்ப்பதும் இதில் அடக்கம். மாதிரி எடுக்க மாட்டார்கள், ஆனால் கண்ணை அகலத் திறந்துகொண்டு நடப்பார்கள். சுவரோரம் தரையிலிருந்து ஒரு குழாய் மேலே போய் வளைந்து நின்றால், கீழே ஒரு தொட்டியின் மூச்சுக்குழாயாக இருக்கலாம். பழைய கான்கிரீட் தரையில் செவ்வக வடிவில் புதுச் சிமெண்டு ஒட்டு இருந்தால், அங்கே ஏதோ குழி மூடப்பட்டிருக்கிறது. தரையில் அமிலம் தின்ற சொரசொரப்பு, சுவர் அடியில் மஞ்சள் கலந்த பச்சைக் கறை என்றால் குரோமியம் நினைவுக்கு வர வேண்டும். எனக்குப் பிடித்த தடயம் வேறு: நிலத்தில் பதிந்த சின்ன வட்ட இரும்பு மூடி, அதில் பூட்டு. அது கண்காணிப்புக் கிணறு. அதாவது நமக்கு முன்னரே யாரோ சந்தேகப்பட்டு, காசு செலவழித்து, நீரைச் சோதித்திருக்கிறார்கள். அந்த அறிக்கை யாரோ ஒருவரின் அலமாரியில் தூங்குகிறது. அதைத் தேடி வாங்காமல் "முந்தைய ஆய்வுகள் ஏதுமில்லை" என்று எழுதும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் பேசுவதும் உண்டு. "என்ன ரசாயனம் பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் பெயர் தெரியாது, அல்லது வியாபாரப் பெயர் வரும். "வேலை முடிந்ததும் வாளியில் மிச்சம் இருந்ததை எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேட்டால் நேரே கூட்டிக்கொண்டு போய் இடத்தையே காட்டிவிடுவார்கள்.

இப்படிச் சேர்த்த தகவலை எதற்குள் பொருத்துகிறார்கள் என்பதுதான் விஷயத்தின் மையம். மூலம், வழி, பாதிக்கப்படுபவர் என்ற மூன்று கண்ணி. பிரிட்டனில் 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஏ பகுதி இதையே சட்ட வரையறையாக வைத்திருக்கிறது: மூன்றும் இணைந்தால்தான் அந்த நிலத்தைப் பற்றி மேற்கொண்டு பேச்சு. அமெரிக்காவில் சொற்கள் வேறு, அடிப்படை அதேதான்.

கற்பனையாக ஒரு மின்முலாம் பட்டறையை எடுத்துக்கொள்வோம். 1950-களில் தொடங்கி 1980-களில் பூட்டிய இடம். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் இரும்பு உதிரிகளை டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானின் ஆவியில் காட்டிக் கழுவுவார்கள். பிறகு அமிலத் தொட்டி, பிறகு சயனைடு, நிக்கல், குரோமியம் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அலசும் நீர். மூலம் எது என்பதில் குழப்பமே இல்லை. கேள்வி, அந்த அலசிய நீர் தரை வடிகாலில் விழுந்து எங்கே போனது? ஊர்ச் சாக்கடைக்கு என்றால் ஒரு கதை. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த உறிஞ்சுகுழிக்கு என்றால் முற்றிலும் வேறு கதை. டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. மணல் மண்ணில் நேரே கீழே இறங்கி, நீர்மட்டத்தையும் தாண்டி அடியில் போய் உட்கார்ந்து, கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், சிந்திய ஒரே ஒரு லிட்டர் முழுவதும் கரையும்போது சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும். "சின்னப் பட்டறைதானே, எவ்வளவு சிந்தியிருக்கும்?" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கே பதில்.

இப்போது மூன்றாம் கண்ணி. ஒன்றரை கிலோமீட்டரில் ஊராட்சியின் குடிநீர்க் கிணறு இருக்கிறது என்றால் மணி அடித்துவிட்டது. சுற்றிலும் யாருமே கிணற்று நீர் குடிப்பதில்லை, தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் வருகிறது என்றால், அதே பட்டறை, அதே கசிவு, அதே மண், ஆனால் நிலத்தடி நீர் வழியில் மதிப்பெண் மளமளவென்று சரிந்துவிடும். அநியாயமாகத் தோன்றும். அமைப்பு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த மதிப்பெண் முறைக்குப் பெயர் அபாயத் தரவரிசை முறை. 1982-இல் வந்தது, 1990 இறுதியில் திருத்தி எழுதப்பட்டது. நான்கு வழிகள்: நிலத்தடி நீர், மேற்பரப்பு நீர், காற்று, மண் தொடர்பு. ஒவ்வொரு வழியிலும் வெளியேற்றத்தின் சாத்தியம், கழிவின் தன்மை, பாதிக்கப்படுவோர் ஆகிய மூன்றையும் பெருக்குகிறார்கள். கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள். ஆகவே ஏதாவது ஒன்று பூஜ்யமானால் அந்த வழி முழுவதும் பூஜ்யம். பாதிக்கப்படுவோரைத் தேடும் எல்லை நிலத்தடி நீருக்கும் காற்றுக்கும் 4 மைல், மேற்பரப்பு நீருக்கு நீரோட்டத்தின் போக்கில் 15 மைல். கழிவின் அளவு தெரியவில்லை என்றால் பூஜ்யம் போடாமல் குறைந்தபட்ச மதிப்பு ஒன்றைத் தருகிறார்கள். ஆவணத்தை எரித்தவனுக்குப் பரிசு கொடுக்காதிருக்க இது நல்ல ஏற்பாடு.

நான்கு வழிகளின் மதிப்பெண்ணையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, நான்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் இறுதி எண். 28.50 வந்தால் பட்டியலுக்குத் தகுதி. ஏன் இந்தச் சுற்றுவழி? போட்டுப் பாருங்கள். நான்கு வழியிலும் தலா 25 என்றால் இறுதி எண் 25, தேறாது. ஒரே வழியில் 60, மற்ற மூன்றிலும் பூஜ்யம் என்றால் இறுதி எண் 30, தேறிவிடும். எங்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பதைவிட, ஒரே இடத்தில் கழுத்தைப் பிடிக்கும் ஆபத்துக்கு முறை வளைந்து கொடுக்கிறது. ஒரு வழியில் 57 இருந்தாலே போதும் என்பதால், அனுபவசாலிகள் நான்கையும் நோண்டிக்கொண்டிருக்காமல் வலுவான ஒன்றிரண்டை மட்டும் ஆவணப்படுத்துவார்கள். "காற்று மாசைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையே" என்று குறைப்படுபவர்களுக்கு இதுதான் பல நேரம் விளக்கம்.

28.50 என்ற எண்ணுக்கு மருத்துவ அர்த்தம் எதையும் தேட வேண்டாம். பட்டியலில் குறைந்தது 400 இடங்களாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த எண்ணிக்கை வரும்படி வெட்டிய கோடு அது. 1983 செப்டம்பரில் வெளியான முதல் பட்டியலில் 406 இடங்கள். 28.4 பாதுகாப்பு, 28.6 ஆபத்து என்று முகமையே சொல்வதில்லை.

முதற்கட்ட மதிப்பீட்டில் சந்தேகம் மிஞ்சினால் அடுத்தது தள ஆய்வு. அங்கேதான் மாதிரி எடுக்கிறார்கள், அதுவும் கொஞ்சமாக. மாசு எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடம் போட அல்ல, போட்ட ஊகம் நிற்குமா என்று பார்க்க. இதில் உயிர்நாடி பின்னணி மாதிரி, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க, இந்த இடத்தின் மாசு எட்டாத பக்கத்து இடத்தில் எடுக்கும் மாதிரி. பின்னணியில் இருப்பதைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்து, அந்த உயர்வில் ஒரு பங்காவது இந்த இடத்திலிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால்தான் "வெளியேற்றம் உறுதி" என்று எழுதலாம். பின்னணியில் அந்தப் பொருள் தென்படவே இல்லை என்றால், அளவிட முடிந்த அளவு இருந்தாலே போதும். ஆர்சனிக் இயற்கையாகவே மண்ணில் உண்டு. வேலிக்கு வெளியே, நீரோட்டத்துக்கு மேற்பக்கம், ஒரு கிலோ மண்ணில் 8 மில்லிகிராம், உள்ளே 20. மூன்று மடங்கு என்றால் 24 வேண்டும், ஆக உறுதி இல்லை. அதற்காக 20 நல்ல மண் என்று பொருளல்ல. பின்னணி மாதிரியைப் பழைய ரயில் பாதை ஓரத்திலோ இன்னொரு ஆலையின் எல்லையிலோ எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னணியே உயர்ந்துவிடும், உள்ளே உள்ளது சாதாரணமாகத் தெரியும். தள ஆய்வு அறிக்கையில் நான் முதலில் விரல் வைக்கும் இடம், பின்னணி மாதிரியின் புள்ளி வரைபடத்தில் எங்கே விழுகிறது என்பதுதான்.

கண்ணுக்குத் தெரிவதை மூலம் என்று பிடித்துக்கொண்டு நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. மாசசூசெட்ஸின் வோபர்ன் நகரில் 1979-இல் ஒரு காலி மனையில் கைவிடப்பட்ட தொழிற்சாலைக் கழிவுப் பீப்பாய்களைக் காவல்துறை கண்டுபிடித்தது. அவற்றை அப்புறப்படுத்தியாயிற்று. ஆனால் பக்கத்தில் ஜி, எச் என்ற இரண்டு நகராட்சிக் கிணறுகள் இருந்ததால் அவற்றையும் சோதித்தார்கள். டிரைகுளோரோஎத்திலீன் உள்ளிட்ட கரைப்பான்கள் இருந்தன, கிணறுகள் உடனே மூடப்பட்டன. தோண்டித் துருவியபோது, மாசு சுற்றியுள்ள ஐந்து தனித்தனி இடங்களிலிருந்து வந்தது தெரிந்தது. பீப்பாயை எடுத்தோம், வேலை முடிந்தது என்று கோப்பை மூடியிருந்தால் அந்த ஐந்தும் தெரிந்திருக்காது. அந்த இடம் 1983-இன் முதல் பட்டியலிலேயே ஏறியது.

இப்போது உங்கள் கேள்வியின் கூரான பகுதி: "மேல் நடவடிக்கை இல்லை" என்று மூடுவது. அந்த வாசகத்தின் முழு வடிவம் "மேற்கொண்டு கூட்டாட்சித் தீர்வு நடவடிக்கை திட்டமிடப்படவில்லை" என்பது போன்றது. அதில் "திட்டமிடப்படவில்லை" என்ற சொல்லுக்குத்தான் எடை. அன்றைய தேதியில், கையில் இருந்த தகவலின்படி, இந்தத் திட்டத்தில். மூடப்பட்டவற்றில் கணிசமானவை மாநிலத்தின் தன்னார்வத் தூய்மைப்படுத்தல் திட்டத்துக்கோ வேறு சட்டத்துக்கோ போயிருக்கும். புதிய தகவல் வந்தால் திறக்கலாம்.

புதிய தகவல் வராமலேகூட உலகம் மாறிவிடுகிறது. 2017 வரை, கரைப்பான் ஆவி மண் வழியே மேலேறி வீட்டுக்குள் நுழைவதற்குத் தரவரிசை முறையில் மதிப்பெண்ணே கிடையாது. அந்த ஆண்டில்தான் மண் தொடர்பு வழியோடு அதையும் சேர்த்தார்கள். அதற்கு முன், யாரும் நிலத்தடி நீர் குடிக்காத ஊரில் இருந்த டிரை கிளீனிங் கடைகள் பல, குடிப்பவர் இல்லை என்ற காரணத்தாலேயே தேறாமல் போயிருக்கும். அதே கடைக்கு மேல்மாடியில் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டு ஃபுளோரின் சேர்மங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் அபாயப் பொருள் ஆனதே 2024-இல்தான். அதற்கு முந்தைய அறிக்கைகள் பலவற்றில், இவை கலந்த தீயணைப்பு நுரையைத் தெளித்த பயிற்சித் திடலைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார்கள். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான வடிகட்டல் அளவு பல ஆண்டுகளாகக் கிலோவுக்கு 400 மில்லிகிராமாக இருந்து, 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைந்தது. 300 என்று வந்து "பிரச்சினை இல்லை" என மூடிய நிலங்களின் மண் மாறவில்லை, கோடு மாறியது.

ஆக, இந்த முறை சரியா? முறையின் எலும்புக்கூடு எனக்கு ஏற்புடையதே. ஆபத்தில் இருக்கும் மனிதரை முன்னிறுத்தி வரிசைப்படுத்துவதில் தப்பில்லை. சதைதான் பல இடங்களில் அழுகியிருக்கிறது. "பதிவுகள் கிடைக்கவில்லை" என்ற வரி, இரண்டு பக்கம் தள்ளி "கழிவு கொட்டப்பட்டதற்கான ஆதாரமில்லை" ஆகி, முடிவுரையில் "கழிவு இல்லை" ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கிறது. கிணறுகள் விஷயத்திலும் அப்படித்தான். பதிவேட்டில் உள்ள கிணறுகளை மட்டும் எண்ணுவார்கள். பதிவில்லாத பழைய வீட்டுக் கிணறுகள் பூஜ்யமாகிவிடும், பெருக்கலில் பூஜ்யம் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். தப்பாகத் திறந்தால் கொஞ்சம் பணம் போகும். தப்பாக மூடினால் யாரோ பல வருடம் குடிப்பார்கள். இரண்டு தவறும் ஒரே எடை இல்லை என்று உணர்ந்தவர் எழுதிய அறிக்கையும், கோப்பைக் குறைக்க எழுதிய அறிக்கையும் படித்தாலே தெரிந்துவிடும்.

நீங்கள் இதில் சம்பந்தப்பட்டவர் என்றால் ஒரு வழி இருக்கிறது. சட்டத்தின் 105-ஆம் பிரிவின் கீழ், ஒரு வெளியேற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது பாதிக்கப்படக்கூடிய யாரும் முதற்கட்ட மதிப்பீடு கேட்டு மனு போடலாம். வக்கீல் தேவையில்லை. அந்த இடத்துக்கு முன்பு மதிப்பீடு நடந்ததில்லை என்றால், மனு கிடைத்த 12 மாதத்துக்குள் முகமை அதை முடிக்க வேண்டும், அல்லது ஏன் தேவையில்லை என்று விளக்கம் தர வேண்டும். மனுவில் "எங்கள் பகுதியில் புற்றுநோய் அதிகம்" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், மேலே சொன்ன மூன்று கண்ணியில் எதையும் அது இணைக்காது. என்ன தொழில், எந்த ஆண்டுகளில், கழிவு எங்கே போனது, அதை யார் பார்த்தார், யார் எந்தக் கிணற்றில் குடிக்கிறார், எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். பதிவேட்டில் இல்லாத கிணறுகளை நீங்களே எண்ணி வரைபடத்தில் குறித்துத் தாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு தாள் வேறு எங்கும் கிடைக்காது. ஏற்கனவே மூடிய கோப்பு என்றால் அந்த 12 மாதக் கெடு பொருந்தாது. அப்போது, மூடிய தேதிக்குப் பின் என்ன மாறியிருக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே வையுங்கள்: புதிதாகக் கட்டிய வீடுகள், புதிய கிணறு, அப்போது சோதிக்காத ரசாயனம், அல்லது இறங்கிவிட்ட வரம்பு.